பிறவியிலேயே திரும்பாத கை முறிந்துபோனால்

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 10 வயது. பிறந்ததிலிருந்தே இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாது. முழங்கையை ஒட்டி இரண்டு எலும்புகளும் இணைந்திருக்கின்றன என்று 4 வயதில் எக்ஸ்ரே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது விளையாட்டு மைதானத்தில் விழுந்து, அதே கையின் முன்கை எலும்புகள் இரண்டும் நடுவில் முறிந்துவிட்டன. முதலில் பார்த்த மருத்துவர் மாவுக்கட்டு போட்டார். 5ஆம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு சற்று வளைந்திருப்பதைப் பார்த்த இன்னொருவர் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார். உறவினர்களோ, "எப்படியும் உடைந்துவிட்டது, இத்தோடு கையையும் நேராக்கிவிடச் சொல்" என்கிறார்கள். எதைக் கேட்பது?

விழுவதற்கு முந்தைய நாள் அந்தக் கை எப்படி இருந்ததோ, அந்தக் கையைத் திருப்பித் தருவதுதான் இப்போதைய வேலை. மாவுக்கட்டா பிளேட்டா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. எலும்பு மருத்துவனாக என் காலத்தில் பெரும்பகுதி குழந்தைகளின் கைகளோடு கழிந்திருக்கிறது. பிறவிக் கோணல் உள்ள கைகளில் நடந்த தவறுகளில் பாதிக்கு மேல், முறிவைச் சரிசெய்யப் போய்ப் பிறவி அமைப்பையும் சேர்த்துச் சரிசெய்ய முயன்றதால் வந்தவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்கையில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் எலும்பு அல்னா, கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். அல்னா அசையாமல் நிற்க, ரேடியஸ் அதைச் சுற்றி உருளும். சாவியைத் திருகுவதும், சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதும், திருநீற்றுக்குக் கையேந்துவதும் இந்த உருளலால்தான். கருவில் இவை இரண்டும் முதலில் ஒரே துண்டாகத்தான் உருவாகின்றன. 5ஆம் வாரத்துக்கும் 8ஆம் வாரத்துக்கும் இடையில், மணிக்கட்டுப் பக்கம் தொடங்கி முழங்கையை நோக்கி அது பிளந்துகொண்டே வரும். அந்தப் பிளவு முழங்கையை எட்டாமல் நின்றுபோனால் மேல்முனையில் எலும்புகள் ஒட்டியே இருந்துவிடும். அந்த நாட்களில் கரு உள்ளங்கையைக் குப்புற வைத்திருப்பதால் கையும் அதே நிலையில் பூட்டிக்கொள்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு கைகளிலும் இருக்கும். உங்கள் மகனின் வலது கையையும் ஒருமுறை சரியாகச் சோதித்துப் பாருங்கள். குறைவாகத் திரும்பும் கையைக் குழந்தைகள் நன்றாக மறைத்துவிடுவார்கள்.

உண்மையில் பல வீடுகளில் இது 3, 4 வயது வரை தெரிவதே இல்லை. தோளை உயர்த்தியும் மணிக்கட்டை வளைத்தும் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். கோயிலில் பிரசாதம் வாங்கும்போது புறங்கையை நீட்டுகிறான் என்று பாட்டி அதட்டியிருப்பார். குளிக்கும்போது உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தத் தெரியவில்லை என்று அம்மா நினைத்திருப்பார். பிறகு ஒருநாள் பள்ளியில் டீச்சர் எதையோ கவனித்துச் சொல்லி அனுப்புவார். என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

இனி முறிவுக்கு வருவோம். சாதாரணக் குழந்தைக்கு முன்கை முறிந்தால், மயக்க மருந்து கொடுத்து எலும்பை இழுத்து நேராக்கி, உள்ளங்கையை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்பதை முறிவின் இடத்தைப் பார்த்து முடிவு செய்வோம். மேல் துண்டைத் தசைகள் எந்தப் பக்கம் இழுத்து வைத்திருக்கின்றனவோ, அதற்கு ஏற்றபடி கீழ்த்துண்டைத் திருப்ப வேண்டும். உள்ளங்கை மேல்நோக்கி, நடுநிலை, குப்புற என்று எந்த நிலையும் வரலாம். பயிற்சி மருத்துவராக இருக்கும்போதே இது கைப்பழக்கம் ஆகிவிடும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். உங்கள் மகனுக்கு மேல் துண்டு தசை இழுத்த இடத்தில் நிற்கவில்லை. அல்னாவோடு ஒரே கட்டையாக, பிறவியில் பூட்டிய இடத்தில் நிற்கிறது. பழக்கதோஷத்தில் யாராவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிக் கட்டினால், திரும்புவது மூட்டு அல்ல, உடைந்த இடம். எக்ஸ்ரேயில் எலும்பு நேராகத் தெரியும். உள்ளே முறுக்கிக்கொண்டு ஒட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒட்டாத முன்கையில், மாவுக்கட்டுக்குள் பிள்ளை கையைத் திருப்பப் பார்த்தால், முழங்கைக்கு அருகிலும் மணிக்கட்டுக்கு அருகிலும் உள்ள மூட்டுகள் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஒட்டிய கையில் மேலே இடம் கொடுக்க எதுவும் இல்லை. திருகும் விசை முழுவதும் முறிவிலேயே இறங்கும். எனவே கட்டு முழங்கைக்கு மேலே நன்றாக ஏறி, மணிக்கட்டையும் உள்ளங்கையையும் பிடித்து, முன்கையின் மேல் உருளையாக இல்லாமல் தட்டையாக அழுத்தி வார்க்கப்பட்டிருக்க வேண்டும். பஞ்சை அள்ளி வைத்துத் தளர்வாகப் போட்ட கட்டு, வீக்கம் வடிந்ததும் சட்டைக்குள் கை ஆடுவதுபோல் ஆடும். 5ஆம் நாள் வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வளைவைப் பற்றி நான் சொல்லப்போவது சில சக மருத்துவர்களுக்கே புருவத்தை உயர்த்தும். 10 வயதுப் பிள்ளைக்கு முன்கையின் நடுவில் 10 டிகிரிக்கு மேல் வளைவு இருந்தால் அதை ஏற்கத் தயங்குகிறோம். ஏன்? வளைந்து ஒட்டினால் ரேடியஸ் அல்னாவைச் சுற்றி உருள முடியாது, கை திரும்பாது என்பதால். உங்கள் மகனின் கை ஏற்கெனவே திரும்புவதில்லை. இழக்க அவனிடம் சுழற்சி இல்லை. ஆகவே சிறு வளைவுக்காக அவசரமாகக் கத்தியை எடுக்க வேண்டிய காரணம் அவனுக்கு மற்ற பிள்ளைகளைவிடக் குறைவு. முறுக்கிய நிலையில் ஒட்டுவதோ மற்ற பிள்ளைகளைவிட அவனுக்கு அதிகக் கேடு. சாதாரணக் கையில் 20 டிகிரி முறுக்கு இருந்தாலும் மீதமுள்ள சுழற்சியை வைத்து ஒப்பேற்றிவிடலாம். பூட்டிய கையில் அந்த 20 டிகிரி அப்படியே உள்ளங்கையில் வந்து உட்காரும். வளைவை வளர்ச்சி ஓரளவு நிமிர்த்தும், முறுக்கை அவிழ்க்காது. ஆக, வளைவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கை முன்பு நின்ற அதே திருப்பத்தில் நிற்கிறதா என்று கேளுங்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரணக் கையில் ரேடியஸின் மேல்முனையில் இருதலைத் தசை (பைசெப்ஸ்) பற்றும் ஒரு மேடு உண்டு. அது எந்தப் பக்கம் பார்க்கிறது, மணிக்கட்டுப் பக்க முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எக்ஸ்ரேயில் ஒப்பிட்டால் முறுக்கு தெரிந்துவிடும். ஒட்டிய எலும்பில் அந்த மேடு ஒட்டுக்குள் புதைந்தோ இடம் மாறியோ கிடக்கும். அதை நம்ப முடியாது. முறிவின் இரு முனைகளும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா, எலும்புச் சுவரின் தடிமன் இருபுறமும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். அதைவிட எளிய சாட்சி உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. பிள்ளை சாப்பிடும் படம், சைக்கிள் ஓட்டும் படம், பள்ளி விழாவில் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் படம் என்று இரண்டு மூன்று தேடி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டைவிரல் முன்னால் பார்த்ததா, தொடையைப் பார்த்ததா? 4 வயதில் எடுத்த எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை அறுவை அரங்கின் வாசலில், ஒரு தந்தை காட்டிய பிறந்தநாள் வீடியோவைப் பார்த்துத்தான் ஒரு சிறுமியின் கையை எந்த நிலையில் பொருத்துவது என்று முடிவு செய்தோம். கேக் வெட்டும்போது அவள் கத்தியைப் பிடித்த விதம் எந்த ஸ்கேனிலும் கிடைக்காத தகவல்.

மாவுக்கட்டா பிளேட்டா என்பதற்கு என் கணக்கு இது. திருப்பம் சரியாக இருந்து வளைவு மட்டும் சற்றுக் கூடியிருந்தால், கட்டை மாற்றி நன்றாக வார்த்து, முதல் 3 வாரங்களுக்கு வாரம் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். திருப்பம் தவறியிருந்தாலோ, எலும்பு முனைகள் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தாலோ, பிளேட் சொன்னவர் சொன்னது சரி. முடிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் 3 வாரத்துக்குள் புது எலும்பு இறுகத் தொடங்கிவிடும்; அதன்பின் உள்ளதை மறுபடி உடைத்துத்தான் திருத்த வேண்டும்.

பிள்ளைகளுக்கு வழக்கமாக வைப்பது பிளேட் அல்ல, எலும்பின் உள் துளைக்குள் செலுத்தும் வளையும் கம்பிதான் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அதுவும் சரிதான், மற்ற பிள்ளைகளுக்கு. ஒட்டிய கையில் ரேடியஸ் இயல்பைவிடத் தடித்தும் வில்போல் வளைந்தும் இருக்கும். மேல்முனையில் துளை குறுகியோ அடைபட்டோ போயிருக்கலாம். கம்பி போகும் வழியில் சுவர் இருந்தால் அங்கேயே நிற்கும், அல்லது பக்கவாட்டில் குத்திக்கொண்டு வெளியே வரும். அதோடு கம்பி வளைவைத்தான் தடுக்கும். திருகலைப் பிளேட் அளவுக்குத் தடுக்காது. இந்தக் கைக்குத் திருகல்தான் எதிரி என்பதால் என் கை பிளேட்டின் பக்கமே போகும். நேரான பிளேட்டை வளைந்த எலும்பில் வைத்து ஸ்குரூவை முடுக்கினால் எலும்பு பிளேட்டின் வடிவத்துக்கு வந்துவிடும். எனவே பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். எலும்பை ஏன் வளைந்தபடியே விட்டீர்கள் என்று பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்துக் கேட்பவர்கள் கேட்கட்டும்.

உறவினர்களின் யோசனை முட்டாள்தனமானதல்ல. உள்ளங்கை 60 டிகிரிக்கு மேல் குப்புறப் பூட்டியிருக்கும் பிள்ளைகளுக்கு, எலும்பை வெட்டிக் கையை ஒரு பயனுள்ள நிலைக்குத் திருப்பும் அறுவை உண்டு. அதைச் செய்தாலும் கை சுழலாது. பூட்டு வேறு இடத்தில் விழும், அவ்வளவுதான். ஒட்டைப் பிரித்துச் சுழற்சியைக் கொண்டுவரும் முயற்சிகள் பல காலமாக நடந்தும் பெரும்பாலும் எலும்பு மறுபடி ஒட்டிக்கொண்டுவிடுகிறது. மருத்துவர்கள் க்ளியரியும் ஓமரும் 1985இல் இந்தக் குறையை எக்ஸ்ரே வடிவத்தை வைத்து 4 வகைகளாகப் பிரித்தார்கள். அறுவை செய்யாமல் வளர்ந்தவர்களில் பலர் அன்றாட வேலைகளை நன்றாகவே செய்வதையும் அதே ஆய்வில் காட்டினார்கள். என் அனுபவமும் அதுவே.

முறிந்த நேரத்திலேயே திருப்பிவிட்டால் என்ன? திருப்பும்போது முன்கையின் தசைகளும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து முறுக்கப்படும். திட்டமிட்டுச் செய்யும் அறுவையிலேயே, தசை உறைகளுக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றுபோவதுதான் பெரிய பயம். முறிவால் ஏற்கெனவே வீங்கிய கையில் அந்தப் பயம் இரட்டிப்பு. உங்கள் மகன் எந்த அளவு குப்புறப் பூட்டியிருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பந்து பிடிக்கிறான், சட்டைப் பொத்தான் போடுகிறான், தானே சாப்பிடுகிறான் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். உண்மையிலேயே கை மிகவும் குப்புற இருந்து, அவன் தினமும் அவதிப்படுபவனாக இருந்தால், முறிவு கூடி வீக்கமெல்லாம் வடிந்தபின், 6 மாதம் ஒரு வருடம் கழித்து, கை அறுவையில் பழக்கமுள்ள ஒருவரிடம் நிதானமாகப் பேசலாம். மகனிடமும் கேளுங்கள். அந்தக் கையோடு 10 வருடம் வாழ்ந்தவன் அவன்.

எந்தக் கட்டு போட்டாலும், எந்த அறுவை செய்தாலும், முதல் 2 நாட்கள் விரல்களைப் பாருங்கள். மருந்து கொடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி. மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை அலறுவது. மரத்துப்போன, வெளிறிய விரல்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கட்டைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாடி துடிக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஏற்காதீர்கள். தசை சாகும்போதும் நாடி துடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் போகாமல் தசை நாராகச் சுருங்கி விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மான் 1881இல் எழுதிவைத்தார். இறுக்கிக் கட்டிய கட்டுகளால் அது வருகிறது என்றும் அப்போதே சொன்னார். இன்றும் அதைப் பார்க்கிறோம். புத்தூர்க் கட்டை நம்பிப் போகிறவர்களைப் பழித்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. விலகாத எளிய முறிவு எந்தக் கட்டிலும் கூடிவிடும். ஆனால் மூங்கில் பத்தையை வைத்து இறுக்கிக் கட்டுகிறவருக்கு உங்கள் மகனின் எலும்பு உள்ளே ஒட்டியிருப்பது தெரியாது. கையால் தடவிப் பார்த்து அது தெரியவும் தெரியாது.

முழங்கைப் பிறவிக் குறையில் இன்னொரு வகை உண்டு. உங்கள் மகனுக்கு அது இல்லை என்றாலும், இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காகச் சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது 7 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். ஊஞ்சலிலிருந்து விழுந்திருக்கிறாள். வெளியூரில் எக்ஸ்ரே எடுத்து, ரேடியஸின் தலை முழங்கையிலிருந்து நழுவிவிட்டது என்று சொல்லி, மயக்க மருந்து கொடுத்து இரண்டுமுறை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். தலை உள்ளே போகவில்லை. திறந்து வைக்க வேண்டும் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நானும் அறுவைப் பட்டியலில் அவள் பெயரை எழுதிவிட்டேன். காலையில் வந்த பெரிய மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மற்ற கையை எடுத்தாயா?" என்று கேட்டார். எடுத்தோம். அந்தக் கையிலும் தலை அதே இடத்தில், அதே அளவு பின்னால் நழுவி நின்றது. அந்தக் கைக்கு அடியே படவில்லை.

பிறவியிலேயே நழுவிய தலை அது. ரேடியஸின் தலை வழக்கமாக ஒரு குழிந்த தட்டுபோல் இருந்து, மேற்கை எலும்பின் உருண்டையைத் தாங்கும். கருவிலேயே இரண்டும் சேராமல் போனால் தட்டில் குழி விழாது. கவிழ்த்த கிண்ணம்போல் மேடாகிவிடும். எதிரே உள்ள உருண்டையும் சரியாக வளராது. அல்னா லேசாக வளைந்திருக்கும். அப்படிப்பட்ட தலையை எத்தனைமுறை இழுத்து உள்ளே தள்ளினாலும் உட்கார அங்கே இடமில்லை. சிறுமிக்கு உண்மையில் முறிந்திருந்தது மணிக்கட்டுக்கு மேலே ஒரு சிறு நசுங்கல். 3 வாரக் கட்டில் சரியாகிவிட்டது. இரண்டுமுறை இழுத்ததால் விறைத்துப்போன முழங்கை பழைய நிலைக்கு வர அதைப்போல் பல மடங்கு காலம் ஆனது.

தவறு செய்தவர்களைக் குறை சொல்வதும் கடினம். அல்னா முறிந்து ரேடியஸின் தலை நழுவும் காயம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. மிலான் நகர அறுவை மருத்துவர் மொண்டேஜியா 1814இல் அதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல் என்பதை நினைத்தால் அந்த மனிதரின் விரல்களை வணங்கத் தோன்றும். அந்தக் காயத்தைக் கவனிக்காமல் விட்டால் பிள்ளையின் கை பாழாகும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். எனவே நழுவிய தலையைக் கண்டதும் உள்ளே தள்ளத்தான் கை போகும். தலை மேடாக இருக்கிறதா குழிந்திருக்கிறதா, அல்னாவில் புது முறிவு உண்டா, மற்ற முழங்கை எப்படி என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். 5 வயதுக்குள் என்றால் தலை இன்னும் குருத்தெலும்பாக இருக்கும், எக்ஸ்ரேயில் அதன் வடிவம் தெரியாது. அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்க வேண்டிவரும். பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட தலையே நொறுங்கினால், வழக்கமாக வைக்கும் உலோகத் தலை இங்கே பொருந்துவதில்லை. எதிரே அது உருள ஒழுங்கான உருண்டை இல்லையே. வலி தீரவில்லை என்றால், வளர்ச்சி முடிந்தவர்களுக்கு அந்தத் தலையை எடுத்துவிடுவது ஒரு வழி.

முழங்கை மடங்கவே மடங்காத பிள்ளைகள் உண்டு. பல மூட்டுகள் விறைத்த நிலையில் பிறப்பவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். எலும்பு மெலிந்திருக்கும், பிரசவத்தின்போதோ, மூட்டை மடக்கப் பயிற்சி கொடுக்கும்போதோகூட மேற்கை எலும்பு முறிந்துவிடுவதுண்டு. முழங்கையை 90 டிகிரி மடக்கிக் கட்டுவது எல்லா மருத்துவமனையிலும் வழக்கம். நீட்டியபடி விறைத்த முழங்கையை அப்படி மடக்கினால் மூட்டு மடங்காது. சற்று மேலே உள்ள முறிவு மடங்கும். கை எப்படி இருக்கிறதோ அப்படியே, நீட்டிய நிலையிலேயே கட்டுவதுதான் சரி. கைக்குழந்தைகளுக்கு எலும்பு 3 வாரத்தில் கூடிவிடும். பெரியவர்களுக்கு இதே கதை வேறு விதமாக நடக்கிறது. மேற்கை எலும்பின் தண்டு முறிந்தால் எலும்பு மருத்துவர் சர்மியெண்டோ 1977இல் பரவலாக்கிய பிளாஸ்டிக் கவசம் போட்டு, முழங்கையை அசைக்கச் சொல்லி அனுப்புவோம், நன்றாகக் கூடும். முழங்கை விறைத்தவருக்கு அந்த அசைவெல்லாம் முறிவிலேயே நடக்கும். மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே இருந்து எலும்பு கூடாமல் போகும். அவர்களுக்கு ஆரம்பத்திலேயே நீளமான பிளேட் வைப்பதை நான் விரும்புவேன். மூட்டுக்கு அருகில் என்றால் இரண்டு பிளேட்.

மயக்க மருந்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கைக் குறை பெரும்பாலும் தனியாகத்தான் வரும், ஆனால் சிலரிடம் அது வேறொன்றின் வெளி அடையாளம். ஒட்டிய முன்கையோடு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. ரேடியஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் ஒரு சாராருக்கும் தட்டணுக்கள் குறைவு. எனவே உங்கள் மகனுக்குத் தட்டணு எண்ணிக்கை பாருங்கள். எளிய சோதனைதான், எல்லா இடத்திலும் செய்வார்கள். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருவது, காரணமில்லாமல் தோலில் நீலம் பூப்பது எல்லாம் இருந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். நழுவிய ரேடியஸ் தலையோடு கட்டைவிரல் நகம் பாதியாகவோ இல்லாமலோ, முழங்கால் சில்லு சிறுத்தோ இருந்தால் அது நகம், சில்லு இரண்டையும் தாக்கும் பரம்பரை நோய். சிறுநீரகத்தையும் கண்ணையும்கூடத் தொடும். அப்படிப்பட்டவருக்கு எலும்பு முறிவுக்கு வழக்கமாக எழுதும் டைக்ளோபினாக் மாத்திரையை எழுதுவதற்கு முன் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். நகத்தைப் பார்க்க 2 விநாடி போதும். பார்க்கத்தான் ஆளில்லை.

கட்டைப் பிரித்த பிறகு என்ன என்றும் கேட்பீர்கள். 10 வயதில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் 6 முதல் 8 வாரத்தில் கட்டைப் பிரிக்கலாம். பிசியோதெரபிக்கு அனுப்பும் சீட்டில் 'இடது முன்கை பிறவியிலேயே சுழலாது' என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், பயிற்சி கொடுப்பவர் தன் கடமை என்று நினைத்து, திரும்பாத கையைத் தினமும் திருப்பிப் பார்ப்பார். பிள்ளை வலியில் துடிப்பான். இன்னும் முற்றாத எலும்பு மறுபடி விலகும். முழங்கையை மடக்குவதும் நீட்டுவதும் மணிக்கட்டும் விரல்களும்தான் பயிற்சிக்கு உரியவை. அவற்றையும் பிள்ளையே செய்ய வேண்டும். யாரும் பிடித்து அழுத்தக் கூடாது. எண்ணெய் போட்டு நீவிவிடுவது கட்டாயம் வேண்டாம். முழங்கையைச் சுற்றியுள்ள தசைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடிபட்ட பிறகு அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மடங்கிக்கொண்டிருந்த மூட்டும் நின்றுவிடும். அன்போடு நீவிய பாட்டிகளால் விறைத்த முழங்கைகளைப் பல பார்த்திருக்கிறேன்.

முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும் என்பதற்கும் பழைய அளவே இலக்கு. அவனுக்கு முன்பு கடைசி 10 டிகிரி நீட்ட வராது என்றால் இப்போதும் வர வேண்டியதில்லை. பழைய அளவு நினைவில்லை என்றால் மறுபடியும் அந்தக் கைப்பேசிப் படங்கள்தான்.

பிளேட் வைத்தால் அதை எடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போவதில்லை. தோலுக்கு அடியில் தட்டுப்பட்டு உறுத்தினால் எடுக்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு முன் வேண்டாம். எடுத்த சில மாதங்களுக்கு ஸ்குரூ இருந்த துளைகளில் எலும்பு பலவீனமாக இருக்கும். சாதாரணக் கையே அந்தத் துளைகளின் வழியாக மறுபடி முறிவதுண்டு. திருகலைத் தணிக்க வழியில்லாத கை இன்னும் எளிதாக முறியும். உங்கள் மகனுக்கு உறுத்தவில்லை என்றால் நான் விட்டுவிடுவேன். எடுப்பதாக இருந்தால் கோடை விடுமுறையின் தொடக்கத்தில் எடுங்கள். அதன்பின் 3 மாதத்துக்குச் சைக்கிளும் கபடியும் இல்லை என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.